தாய்மாமன் மடி

கலப்பினக் குடும்பங்களைப் பற்றி ஆராய்வதுதான் என் வேலை. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. வியட்நாமின் சைகோனிலிருந்து வந்த அம்மா, பிரெஞ்சுக்கார அப்பா என்று தெருவுக்குத் தெரு கதை கிடைக்கும். போகிற வீட்டிலெல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்களுக்குக் காது குத்தினப்ப யார் மடியில உக்காந்தீங்க?" சொந்தக்காரர்கள் அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும். அப்பா வெள்ளைக்காரர் என்றால் தாய்மாமன் சீர்த்தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றிருப்பார். சைகோன் அம்மாவின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் கடல் தாண்டி இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மடி கொடுத்திருப்பார்.

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது அதே கேள்வி என் வீட்டுக்கே வந்தது. என் கணவர் ஆப்பிரிக்காவில், செனகலில் பிறந்தவர். பாரிஸில் படித்துவிட்டு இங்கே பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு வராத அண்ணனைக் கூப்பிடக் குருசுக்குப்பம் போனேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே அவன் சொன்னான்:

"வெள்ளக்காரனா இருந்தாலும் ஊர்ல சொல்லிக்கலாம். அந்தாளக் காட்டி என்னான்னு சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மட்டும் என்ன சிவப்பா?

"உன் கையக் கொஞ்சம் பாருண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை பட்டம் வாங்கி என்ன, அண்ணன் வரணும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

முத்தியால்பேட்டைக் கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்கம்மா?" என்றார்.

"வரல. அவங்கப்பா உக்காருவாரு."

வந்திருந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். கிசுகிசுக்கட்டுமே! கணவர் சம்மணம் போட வராமல் எப்படியோ போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டார். இடது காதில் ஊசி இறங்கியதும் அவள் வீறிட்டாள். திமிறிய பிள்ளையை அவரால் பிடிக்க முடியவில்லை. அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"ஏய், புள்ளய இப்புடியா புடிப்பாங்க?"

அண்ணன்தான். எத்தனை நேரமாகத் தூண் மறைவில் நின்றானோ, புது வேட்டி கட்டியிருந்தான். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டான். அவள் அவனையும் உதைத்தாள்.

"தலைய நீங்க புடிச்சிக்கிங்க, மாப்ள" என்றான்.

அதுவரை 'அந்தாளு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வலது காது குத்தியதை நான் பார்க்கவே இல்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.