ஐந்தாவது போர்ட்

லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சிறுமி முக்கால் மணி நேரம் அவசர பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. காரணம், நான் பிடுங்கிய ஒரு ஃபைபர்.

நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் இன்னும் சரியாகவில்லை. புதிதாக லைன் வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. செகந்திராபாத் பக்கம் டெலிபோன், இன்டர்நெட் லைன் போடுவதும் ரிப்பேர் பார்ப்பதும் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. முதலில் செம்புக் கம்பி, இப்போது ஃபைபர்.

1. நர்சிங்

நர்சிங் என்னைவிட எட்டு வருடம் ஜூனியர். மெட்டுகுடா அவன் ஏரியா, திருமுல்கேரி என்னுடையது. அவனுக்கும் எனக்கும் பேச்சு தெலுங்கில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். ‘அக்கா’ என்ற ஒரு சொல் மட்டும் இரண்டிலும் ஒன்று.

அவன் நல்லவன். அதுதான் எனக்குத் தொல்லை. அவன் போட்ட லைனில் கம்ப்ளெயிண்ட் திரும்பி வராது. கஸ்டமர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். நான் பெல் அடித்தால், “நர்சிங் வரலையா?” என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் பெண் காவ்யா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஆப்டிகல் ஃபைபரில் புராஜெக்ட். ஃபைபர் வேலை பார்க்கிற அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். ஆனால் சந்தேகம் கேட்பது நர்சிங்கிடம். ஒருநாள் கேட்டேன், “ஏண்டி, எனக்குத் தெரியாதா?”

நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். “நுவ்வு செப்தே அர்த்தம் காதம்மா” என்றாள். நீ சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். “ரெண்டாவது தடவ கேட்டா நீ கத்துற. அங்கிள் பத்து தடவ கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு” என்று அடுத்ததை மட்டும், எனக்கு உறைக்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

அந்த மாதம் டீம் லீடர் போஸ்ட் ஒன்று வந்தது. நாங்கள் இருவரும் அப்ளை செய்தோம். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது அவனை மட்டும். நான் அப்ளை செய்ததை வீட்டில் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லலாம் என்றிருந்தேன். இன்டர்வியூ அன்று காலை டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது ஹாலில் காவ்யா போனில் பேசுவது கேட்டது. “ஆல் தி பெஸ்ட் அங்கிள்! உங்களுக்குத்தான் கிடைக்கும். வேற யாரு இருக்காங்க?”

டிபன் பாக்ஸ் மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு முறை அடித்து மூடினேன்.

2. நிரம்பிய பாக்ஸ்

அன்று நர்சிங் லீவு என்பதால் அவன் ஏரியாவில் ஒரு புதிய கனெக்‌ஷனுக்கு என்னை அனுப்பினார்கள். மெட்டுகுடாவில் ஐந்து மாடி அபார்ட்மெண்ட். பேஸ்மெண்ட்டில் ஸ்ப்ளிட்டர் பாக்ஸ். ஒரு ஃபைபரை எட்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. திறந்து பார்த்தேன். ஃபைபர் செருகுகிற எட்டு போர்ட்டும் நிரம்பியிருந்தன.

புதிய கஸ்டமர் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த ஐ.டி.காரர். இன்னொரு ஸ்ப்ளிட்டர் போட ரெண்டு நாள் ஆகும் என்றேன்.

“தோ தின்? நக்கோ மேடம், நக்கோ. ரெண்டு நாளெல்லாம் வேணாம். நாளைக்குக் காலைல எனக்கு மீட்டிங். உங்க நர்சிங் வந்திருந்தா இன்னிக்கே முடிச்சிருப்பார்னு கீழ் வீட்டுல சொல்றாங்க.”

எங்கள் வேலையில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. இன்னொருவர் ஏரியாவில் பாக்ஸைத் தொடுமுன் அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும். எந்த ஃபைபர் எங்கே போகிறது என்பது கம்பெனி ஆப்பில் பாதிதான் இருக்கும். மீதி அந்த ஏரியாக்காரர் தலையில் இருக்கும்.

போனை எடுத்தேன். நர்சிங் பெயர்வரை போனேன். அவன் இன்டர்வியூ முடித்து வெளியே வந்திருப்பான். எடுத்தால் “சொல்லுங்க அக்கா” என்பான். எப்படி நடந்தது என்று நான் கேட்டாக வேண்டும். நன்றாக நடந்தது என்று அவன் சொல்வான். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. போனைப் பைக்குள் போட்டேன்.

ஆப்பில் பார்த்தேன். ஐந்தாவது போர்ட் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பெயரில் இருந்தது. நான்கு மாதமாக உபயோகம் பூஜ்யம். யாரோ வாங்கி மறந்துபோன லைன் என்று முடிவு கட்டினேன். வாட்ச்மேனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் அங்கேதான், வண்டி துடைத்துக்கொண்டு நின்றான். ஐந்தைப் பிடுங்கிவிட்டு ஐ.டி.காரரின் ஃபைபரைச் செருகினேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

அவர் ஐந்து ஸ்டார் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அந்த ஐந்து ஸ்டாரையே நினைத்துக்கொண்டு வந்தேன். நர்சிங் ஏரியாவில், நர்சிங் இல்லாமல்.

3. நான்காம் நாள்

நான்கு நாள் கழித்து, மதியம் மூன்றரை இருக்கும், நர்சிங் போன் செய்தான்.

“அக்கா, மெட்டுகுடா பக்கம் இருக்கீங்களா? என் பவர் மீட்டர் வேலை செய்யல. உங்களுத கொண்டு வர்றீங்களா? லிஃப்ட்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு, வெளிய எடுத்துட்டாங்க. எமர்ஜென்சி போன் டெட்டா இருந்துச்சுன்னு சண்டை.”

“எந்த அபார்ட்மெண்ட்?”

அவன் சொன்னான். லிஃப்ட் போனுக்கு மாதக்கணக்கில் உபயோகம் இருக்காது என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. அது பேசுவதற்கான லைன் இல்லை. என்றாவது ஒருநாள் ஒருவர் அழுத்துவதற்காக வைத்த லைன்.

ஃபைபரில் சிக்னல் வருகிறதா என்று அளக்கிற அந்த மீட்டரோடு நான் போனபோது அந்தப் பெண் மாடிப்படியில், ஸ்கூல் பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. வாட்ச்மேன் டீசல் வாங்கப் போய்விட்டான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அந்த போனும் மோடமும் பேட்டரியில் ஓடுகிறவை. கரண்ட் இல்லாவிட்டாலும் லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கால் போயிருக்க வேண்டும்.

அவள் அம்மா நர்சிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். “நீதானே லைன் போட்டே? உன் வீட்டுக் குழந்தையா இருந்தா இப்படி விடுவியா?”

நர்சிங் பாக்ஸைத் திறந்தான். ஐந்தாவது போர்ட்டைப் பார்த்தான். மிச்ச ஃபைபரை வலமிருந்து இடமாகச் சுற்றுவது எங்கள் டீமில் நான் மட்டும்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அந்த அம்மாவிடம் போய், “என் பாக்ஸ்ல தப்பு ஆயிடுச்சும்மா, மன்னிச்சிருங்க” என்றான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். அப்போதும் எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல, பொறாமை. இதிலும் இவன்தான் பெரியவனா என்று.

ராவ் சார், எங்கள் மேனேஜர், போனில் வந்தார். நர்சிங் ஸ்பீக்கரில் போட்டபடி ஃபைபரை மாற்றிக்கொண்டிருந்தான். “என்னய்யா இது? உன் ப்ரமோஷன் ஆர்டர் என் டேபிள்ல இருக்கு. கையெழுத்துப் போடப் போறேன், இந்த நேரத்துல இப்படியா? யார் கை வெச்சது? பேரைச் சொல்லு. இல்லன்னா அந்த ஆர்டர மறந்துடு.”

“செக் பண்ணிச் சொல்றேன் சார்.”

“அஞ்சு மணிக்குள்ள சொல்லு.”

நான் பவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்தப் போஸ்ட் அவனுக்குப் போகாது. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த யோசனை வந்து என் பக்கத்தில் நின்றது. அதை நான் உடனே விரட்டவில்லை.

4. பட்டன்

லைன் சரியாகிவிட்டது, கரண்டும் வந்துவிட்டது என்று மேலே போய்ச் சொன்னோம். சிறுமி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். அங்கே இருந்த வேலைக்காரர்களில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் இருக்கலாம்.

“ஆன்ட்டி, நூறு வரைக்கும் எண்ணி எண்ணி ஒவ்வொரு தடவயா அழுத்தினேன். ரொம்ப அழுத்தினா கெட்டுப்போயிடும்னு பயம். அப்புறம் எண்ண மறந்துபோச்சு. இப்ப நிஜமாவே எடுப்பாங்களா?”

“எடுப்பாங்கம்மா.”

“நீங்க உள்ள போய் அழுத்துங்க. நான் வெளிய நிக்கறேன்.”

போனேன். கதவு மூடியது. லிஃப்டில் நான் மட்டும். சிவப்புப் பட்டன் என் தோள் உயரத்தில் இருந்தது. அவள் எட்டி எட்டித்தான் அழுத்தியிருக்க வேண்டும். பட்டனைச் சுற்றி, ஸ்டீல் தகட்டில், சின்ன விரல்களின் அழுக்கு படிந்திருந்தது.

அழுத்தினேன். இரண்டு ரிங். ஒரு பெண் குரல் கேட்டது. “ஹலோ, லிஃப்ட்ல யாராவது இருக்கீங்களா? பயப்படாதீங்க. ஹலோ?”

டெஸ்டிங் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை சொன்ன சொல். வாயில் வரவில்லை. “இருக்கீங்களா? பேசுங்க. ஆள் அனுப்பறேன்” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். காவ்யா அந்த வயதில் எப்படி இருந்தாள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் எப்படியோ சொல்லி வைத்தேன்.

வெளியே வந்ததும் நர்சிங் கையிலிருந்த போனை வாங்கி ராவ் சாருக்குப் போட்டேன். “சார், வசந்தி பேசறேன். அஞ்சாவது போர்ட்டப் பிடுங்கினது நான்தான். நர்சிங்குக்குப் போன் பண்ணாமப் பிடுங்கினேன். வேணும்னுதான் பண்ணல.” சிறுமியின் அம்மாவும் கேட்டார். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். எல்லாமே நியாயம்.

மூன்று மாதம் என்னை ஃபீல்டிலிருந்து எடுத்து கம்ப்ளெயிண்ட் டெஸ்க்கில் உட்கார வைத்தார்கள். நர்சிங் டீம் லீடர் ஆனான். லிஃப்ட் சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். காவ்யா அந்தச் சிறுமியைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். கடைசியில், “அம்மா, நீயும் அப்ளை பண்ணியிருந்தியா?” என்றாள். தமிழில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காவ்யா இன்னும் அவனிடம்தான் சந்தேகம் கேட்கிறாள். அவன் என் வேலை ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறபோது எனக்கு இன்னும் சுருக்கென்கிறது. இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கும் அது வரும், யார்மீதாவது வரும். வந்த நாளில் அந்த ஆள் கட்டிவைத்த பெட்டியைத் தனியாகத் திறக்காதீர்கள். அவரைக் கேட்க முடியாத அளவுக்கு மனம் எரிந்தால், அந்த வேலை டிக்கெட்டை நிலுவையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். கஸ்டமர் திட்டுவார், ரேட்டிங் குறையும். அவ்வளவுதான் ஆகும்.