பாக்கர் வைக்காத கண்

பாக்கர் செய்த மரமீனை முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் சிரித்துவிடுவார்கள். "சின்னப் புள்ளை வெளாட்டுச் சாமானா பாய் இது?" என்பார்கள். பாக்கர் தண்ணீர் நிறைந்த அண்டாவில் அதை விட்டு, நூலைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டுவார். மரக்கட்டை உடம்பை ஒடித்து ஒடித்து நீந்தும். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம் அது. கீழக்கரையில் பாய் விரித்து ஓடும் வள்ளங்களின் பின்னால் நீளமான கயிற்றில் இந்த மரமீன் இழுபட்டு வரும். ஏதோ ஒரு குஞ்சு மீன் தப்பி ஓடுகிறது என்று நினைத்துச் சீலா மீன் பாய்ந்து கவ்வும். வால் பக்கம் சேவல் இறகுக்குள் மறைந்திருக்கும் முள் அதன் வாயில் ஏறிவிடும்.

பாக்கர் இளவயதில் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து மேலே வந்தபோது இரண்டு காதுகளிலும் ரத்தம் வழிந்தது. அதற்குப் பிறகு அவரால் கடலுக்குள் இறங்க முடியவில்லை. கடலோடு பிறந்து வளர்ந்தவனைக் கடலே வேண்டாமென்று தள்ளிவிட்டால் அவன் எங்கே போவான்? வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மரமீன் செதுக்க உட்கார்ந்துவிட்டார்.

கல்யாண முருங்கைக் கட்டையைச் சாண் அளவுக்கு வெட்டி நிழலில் காயப்போடுவார். கத்தியால் உருவம் எடுத்தபின் காய்ந்த சுறாத் தோலால் தேய்ப்பார். கன்னத்தில் வைத்துப் பார்த்து உறுத்தவில்லை என்றால்தான் தேய்ப்பதை நிறுத்துவார். வயிற்றில் குழி தோண்டி ஈயம் உருக்கி ஊற்றுவார். ஈயம் கூடினால் மீன் முழுகிவிடும், குறைந்தால் மல்லாந்துவிடும். கொழும்புத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டிவரும் வெள்ளைத் தகட்டை உரித்து, நகத்தால் நீவி நீவி உடம்பெல்லாம் ஒட்டுவார். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சு. வெயில் பட்டால் பூச்சு வெடித்துவிடும். அதனால் கொட்டகைக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கவிடுவார். கடற்காற்று வீசும்போது அத்தனை மீன்களும் அந்தரத்தில் நீந்தும்.

எல்லாம் முடிந்தபின் கண். பக்கத்துக்கு ஒன்றாகக் குன்றிமணி பதிப்பார். சிவப்புக்குள் கறுப்புப் பொட்டு. அதைப் பதித்த நிமிடத்தில் மரம் உயிர் பெற்று உங்களைப் பார்க்கும். சீலா மீனுக்கும் அந்தக் கண்தான் குறி என்று வள்ளக்காரர்கள் சொல்வார்கள்.

அந்தக் கண்தான் பாக்கரின் வீட்டுக்குள் புயலாக வந்தது.

அவர் மனைவி உம்மு ஹபீபா அதிகம் பேசாதவள். இரண்டு முறை வயிற்றில் சுமந்தவள், இரண்டு முறையும் வெறுங்கையோடு எழுந்தவள். முதல் பிள்ளை குறைமாதத்தில் போனது. இரண்டாவது பிறக்கும்போதே இறந்துவிட்டது என்று சொன்னார்கள். அப்போது அவளுக்கு ஜன்னி கண்டு நினைவே இல்லை. நினைவு வந்தபோது பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அதன்பின் பல மாதங்கள் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தாள்.

இப்போது மூன்றாவது முறை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒம் புருஷன்தானே கண்ணு வச்சு மீனு செய்யிறாரு? உருவம் செஞ்சு கண்ணு வைக்கிறவுகளை மறுமையில 'உசுரு குடு'ன்னு கேப்பாகளாம்ல. இங்கனயே அந்த மீனு ஒன் வயித்துல இருக்கிற உசுரைக் கேட்டுச்சுன்னா என்னம்மா செய்வே?"

சொன்னவள் நெய்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். கேட்டவளுக்கு அன்றுமுதல் சோறு இறங்கவில்லை. கொடியில் தொங்கும் மீன்கள் எல்லாம் தன் வயிற்றையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, இனிமே கண்ணு வைக்காதீக."

"எதுக்கு?"

"ஏன் எதுக்குன்னு கேக்காதீக. அல்லாவுக்காக வைக்கமாட்டேன்னு சொல்லுங்க."

பாக்கர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த குன்றிமணிச் சிரட்டையைக் கீழே வைத்தார். "வைக்கமாட்டேன்" என்றார். கொடியில் தொங்கிய மீன்களின் கண்களையும் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார். பெயர்த்ததை ஒன்றுவிடாமல் சிரட்டையில் சேர்த்து வைத்தார்.

கண்ணில்லாத மீன்கள் கடலுக்குப் போயின. சீலா எட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போனதாக வள்ளக்காரர்கள் வந்து சொன்னார்கள். சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். தவசி மட்டும் வந்துகொண்டிருந்தான்.

தவசி மாரியூர்க்காரன். பாக்கரோடு சங்கு குளித்தவன். காதில் ரத்தம் வந்த அன்று பாக்கரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவனும் அவன்தான். ஹபீபாவைத் தங்கச்சி என்பான். அந்த முறையில் பாக்கர் அவனுக்கு மாப்ள.

"என்ன மாப்ள, ஒம் மீனுக்கெல்லாம் அம்மை போட்டுக் கண்ணு போயிருச்சா?"

"வேணும்னா எடு. வேணாம்னா வச்சுட்டுப் போ மச்சான்."

"கோவத்தைப் பாரு! கண்ணு போனது மீனுக்கு, வலி ஒனக்கா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான்.

தவசிக்கு மட்டும் மீன் பட்டது. எப்படி என்று பாக்கர் கேட்டதற்கு, "எங்க முனியன் தொணை" என்று வானத்தைப் பார்த்தான். ஒருநாள் கை நீளத்துக்கும் மேலான சீலா ஒன்றைத் தோளில் சுமந்து வந்து கொல்லைக் கதவில் தட்டினான். "தங்கச்சி, மாசமா இருக்கிற புள்ளை நல்லாச் சாப்பிடணும். ஆக்கித் தின்னு. வள்ளத்துல ஏத்தும்போது கயிறு அத்துப்போச்சு, மரமீனு கடலோட போயிருச்சு. மாப்ளட்டச் சொல்லிரு, வேற ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஹபீபா அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செதிலைச் சுரண்டினாள். தலையை அறுத்தபோது அரிவாள் எதிலோ இடறியது. தொண்டைக்குள் விரலை விட்டு இழுத்தாள். வெள்ளைத் தகடு மின்ன, புருஷன் செதுக்கிய மரமீன் வெளியே வந்தது. அதன் முகத்திலிருந்து சிவப்பாக ஒரு கண் அவளைப் பார்த்தது.

அந்தப் பெண்ணின் நெஞ்சு அந்தக் கணத்தில் என்ன பாடுபட்டிருக்கும்! அல்லாவுக்காக என்று கேட்டாளே! வைக்கமாட்டேன் என்று சொன்னாரே!

பாக்கர் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. முற்றத்தில் பாதி அறுத்த மீன் கிடந்தது. மேலே ஈ மொய்த்தது. ஹபீபா ரத்தக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு செஞ்சது?" என்று மரமீனை நீட்டினாள்.

"நாந்தான்."

"கண்ணு?"

பாக்கர் அதை வாங்குவதற்குள் அவள் வெடித்துவிட்டாள். எத்தனையோ காலமாகப் பூட்டி வைத்திருந்த நெஞ்சு அது.

"எங்கிட்டச் சொல்லிட்டுத் திருட்டுத்தனமா வைக்கிறீகளா? ரெண்டைத் தின்னது பத்தலையா? இந்த ஒண்ணையாவது விட்டு வைங்களேன்! எம் புள்ளைகளைத் தின்னது ஒங்க கையிதான். ஒங்க கையிதான்!"

பாக்கர் மரமீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் துணி இல்லாமல் நடுத்தெருவில் நின்றவர்போல் இருந்தது அவர் முகம். பிறகு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாப் பாரு ஹபீபா. ஒரு கண்ணு செவுளுக்குப் பக்கத்துல கெடக்கு. இன்னொண்ணு நெத்தியில ஏறி நிக்குது. வள்ளத்துக்குப் பூசுற தாரை அப்பி ஒட்டிருக்கு. நான் வச்சா இப்புடியா வைப்பேன்? என்னையப் பொய் சொன்னவன்னு சொல்லு. இந்தக் கண்ணை நான் வச்சேன்னு மட்டும் சொல்லாத."

ஹபீபா பார்த்தாள். உண்மைதான். மாறுகண் கொண்ட அந்த மீன் திருவிழாக் கூட்டத்தில் வழி தப்பியவன்போல இரண்டு பக்கமும் விழித்தது. தவசியின் விரல் அடையாளம்கூடத் தாரில் பதிந்திருந்தது. அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? 'எம் புள்ளைகளைத் தின்னது ஒங்க கையிதான்.' அது முற்றத்தில் அந்த மீனைப்போலவே அறுபட்டுக் கிடந்தது.

"ரெண்டாவது புள்ளை பொறக்குற வரைக்கும்," என்றார் பாக்கர், "நான் எந்த மீனுக்கும் கண்ணு வச்சதில்ல. தகடும் எறகும் மட்டுந்தான், அதுக்கே ஏதோ ஒண்ணு ரெண்டு மீனு பட்டுச்சு. அப்பல்லாம் நீ கொட்டகைப் பக்கமே வந்ததில்ல, கண்ணு எப்ப வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது."

அவள் நிமிர்ந்தாள்.

"நம்ம புள்ளை பொறக்கும்போதே மவுத்தாகல ஹபீபா. உசுரோடதான் பொறந்தான். சாயந்தரம் அசரு தொழுகை நேரம். நீ நெனைவு தப்பிக் கெடந்தே. மருத்துவம் பாத்த ரம்ஜான் பீவி லாத்தா துணியில சுத்தி எங்கையில குடுத்தாக. பொறந்த புள்ளைக்குச் சொல்ற பாங்கைக் காதுல சொன்னேன். கண்ணைத் தெறந்து என்னையப் பாத்தான். அப்புடியே பாத்துக்கிட்டே இருந்தான். பெறகு மூடிக்கிட்டான். 'இவகிட்டச் சொல்லாத, செத்துப் பொறந்த புள்ளைன்னா ஆறிருவா, உசுரோட இருந்தும் பாக்க முடியாமப் போச்சேன்னா ஆறமாட்டா'ன்னு லாத்தா சொன்னாக. சரின்னுட்டேன்."

அவர் மரமீனைத் தரையில் வைத்தார்.

"அடக்கிட்டு வந்து கொட்டகையில உக்காந்தேன். மீனு எல்லாம் கண்ணில்லாம தொங்குச்சு. எனக்குத் தாங்கல. குன்றிமணியை எடுத்து வச்சேன். அம்புட்டுத்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஹபீபா அழவில்லை. அழுவதற்குப் பதிலாகப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் ரத்தம் அவர் கையிலும் ஒட்டியது.

"எப்புடி இருந்துச்சு அந்தக் கண்ணு?"

"எது?"

"எம் புள்ளை கண்ணு. சொல்லுங்க. பெருசா? யாரு மாதிரி?"

"ஒன்னைய மாதிரித்தான். எடது கண்ணு கொஞ்சம் பிந்தித் தெறந்துச்சு. இமையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. கூரை ஓட்டைவழியா வெயிலு விழுந்துச்சு, அதைப் பாத்து நெத்தியைச் சுருக்குனான்."

"நெத்தியைச் சுருக்குனானா?"

"ஆமா. கெழவன் மாதிரி."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் திரும்பச் சொன்னார். அவள் திரும்பக் கேட்டாள். இறந்து எவ்வளவோ காலமான பிள்ளை அன்றைக்குத்தான் அந்தத் தாய்க்குப் பிறந்தது. இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பூனை வந்து சீலாத் தலையைக் கவ்விக்கொண்டு சுவரேறிப் போயிற்று. யாரும் விரட்டவில்லை.

மறுநாள் தவசி கொல்லைப் பக்கம் வந்தபோது ஹபீபா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பிடி பிடியென்று பிடித்தாள்.

"ஏண்ணே, கண்ணு வைக்கத் தெரியாதவுக எதுக்கு வைக்கிறீக? ஒங்களால எம் புருஷனை நான் என்ன சொல்லு சொல்லிட்டேன் தெரியுமா?"

தவசி தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "தப்புத்தான் தங்கச்சி. எங்க சாமிக்கெல்லாம் கடைசியில நாங்கதானே கண்ணு தெறக்குறோம், ஒரு மீனுக்குத் தெறந்தா என்னன்னு நெனச்சேன். வள்ளம் ஆடுற ஆட்டத்துல ஒண்ணு இங்கிட்டுப் போயிருச்சு, ஒண்ணு அங்கிட்டுப் போயிருச்சு."

"அந்தக் கண்ணுக்கு வந்து மாட்டுச்சு பாரு, அதான் குருட்டுச் சீலா" என்று பாக்கர் கொட்டகைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"இனிமே நீ கண்ணு வைப்பியா மாப்ள?" என்று தவசி கேட்டான்.

பாக்கர் கதவுப் பக்கம் பார்த்தார். ஹபீபாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். கண் பிள்ளையைத் தின்னவில்லை, பிள்ளை போன துக்கத்தில்தான் கண் வந்தது என்று தெரியும். ஆனாலும் வயிற்றில் கை வைத்தால் பயம் அப்படியேதான் இருந்தது.

"எனக்கு வெளங்குது," என்றாள். "வெளங்குனாலும் புள்ளை பொறக்குற வரைக்கும் இவுக வைக்க வேணாம். எனக்காக."

"சரி" என்றார் பாக்கர். அதன்பின் கண் வைக்க வேண்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு புள்ளி மட்டும் வைத்துக் கொடுப்பார். தவசி கடலுக்குப் போய் அந்தப் புள்ளிமேல் குன்றிமணியை ஒட்டிக்கொள்வான். மற்ற வள்ளக்காரர்களும் அப்படியே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பனிக்காலம் முடியும் சமயம், ஒரு காலை நேரத்தில் ஹபீபாவுக்கு வலி கண்டது. ரம்ஜான் பீவி வந்து கதவைச் சாத்தினாள். பாக்கர் கொட்டகையில் உட்கார்ந்து சுறாத் தோலால் ஒரு கட்டையைத் தேய்த்தார். மீன் உருவமே காணாமல் போகிறவரைக்கும் தேய்த்தார். உச்சி வெயில் சாயும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது.

"பொம்பளப் புள்ளை பாக்கரு! வா உள்ள" என்று ரம்ஜான் பீவி கூப்பிட்டாள்.

உள்ளே போனார். ஹபீபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. தலை தானாகவே சரிந்து சரிந்து விழுந்தது. மடியில் துணிப்பொதி.

"படுடின்னா படுக்கமாட்டேங்குறா," என்று ரம்ஜான் பீவி சலித்துக்கொண்டாள். "கண்ணைச் சொருகுது, தூங்கமாட்டாளாம்."

பாக்கர் குனிந்து பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். பிள்ளை சுகமாகத் தூங்கியது. இமைகள் இறுக மூடியிருந்தன.

"இன்னும் தெறக்கல," என்றாள் ஹபீபா. "நீங்க எங்கயும் போயிராதீக. இங்கன உக்காருங்க. இந்தத் தடவை ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

பாக்கர் அவள் தோளைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.