வளையத்துக் கோதுமை

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணைக்கு ஹைட்ரூன் பேன்கே மூன்று மாத வேலைக்குத்தான் வந்தாள். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. கோதுமை வயலுக்குள் வட்டமாக நட்ட குழாய்கள் அவள் பொறுப்பு. விடிந்ததும் அவற்றின் வழியே கரியமிலவாயு வெளிவரும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கக் குழாய்கள் மட்டும் திறக்கும். ஐம்பது வருடம் கழித்து, கரியமிலவாயு கூடி வீசப்போகும் காற்றை இன்றைய பயிருக்கே கொடுத்துப் பார்க்கும் ஏற்பாடு அது. சற்றுத் தள்ளி இன்னொரு வளையத்தில் அதே விதை, அதே உரம், ஆனால் வெறும் காற்று.

ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த அண்ணன் வில்ஃப்ரீட் அவளைச் சீண்டாத நாளில்லை.

"பீர்ல நுரை வர்ற வாயுவைப் போய்ப் பயிருக்கு விடுறியே. போதை ஏறிச் சாஞ்சிடப் போகுது, பாத்துக்க."

"உன்னைவிட நிமிந்துதான் நிக்குது," என்பாள்.

அந்த ஆண்டு வாயு வளையம் மற்றதைவிடப் பத்துக்கு ஒன்று கூடுதலாகவே விளைந்தது. ஆய்வுத் தலைவர் ஆலர்ஸுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சோதனைக்குப் போக மிஞ்சிய தானியத்தில், வளையத்துக்கு ஒரு பையாகக் கேட்டு வாங்கி, அரைத்து, அண்ணனிடம் கொண்டுபோனாள் ஹைட்ரூன். எது எந்த வளையம் என்று சொல்லவில்லை.

வில்ஃப்ரீட் இரண்டு மாவையும் ஒரே பதத்தில் பிசைந்து, ஒரே அடுப்பில் வைத்தான். ஒரு ரொட்டி புஸ்ஸென்று எழும்பியது. மற்றது சப்பையாகப் படுத்துக்கொண்டது.

"பிசையும்போதே கை சொல்லிடுச்சு, இதுல இழுவை இல்லன்னு," என்றான் சப்பை ரொட்டியைத் தட்டி. "மூட்டை நிறையும், ரொட்டி எழும்பாது. இதானே உன் வாயு வளையம்?"

"ஆமா," என்றாள். பெற்ற பிள்ளையைப் பிறர் குறை சொன்னாற்போல் இருந்தது.

மறுநாள் இரண்டு ரொட்டியையும் ஆலர்ஸின் மேசையில் வைத்தாள். "எடையைப் பாத்தீங்க டாக்டர். இதையும் பாருங்க."

அவர் இரண்டையும் வெட்டி வெகுநேரம் பார்த்தார். "ஒரு ரொட்டிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதே, ஹைட்ரூன்."

"அப்ப நூறு சுடுவோம். எங்கண்ணன் அடுப்பு சும்மாதான் கிடக்கு மத்தியானத்துல."

சுட்டார்கள். ரொட்டியை எழும்பவைக்கும் புரதத்தையும் அளந்தார்கள். வாயு வளையத்து மாவில் அது குறைந்தேதான் இருந்தது. அறிக்கையில் ரொட்டிக்கென்று தனிப் பகுதி வந்தது. முதல் படத்தில் வில்ஃப்ரீடின் கட்டைவிரலும் விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவன் கடையில் மாட்டி, "நானும் விஞ்ஞானிதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்தான்.

ஹைட்ரூனுக்கு அதற்குமேல் ஒரு மகிழ்ச்சி கிடைத்தது. அந்த வாயுவிலும் புரதம் குறையாத ரகம் உண்டா என்று தேட, இலையுதிர்காலத்தில் ஆறு ரகம் விதைக்க முடிவாயிற்று. எந்த ஆறு என்று ஆலர்ஸ் அவளைத்தான் கேட்டார்.