இரண்டாவது உழக்கு

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உலையில் போட அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை அதை வீடு வீடாகச் சேர்த்து, ஞாயிறு ஆராதனையில் பீடத்தின் முன் வைத்துவிட்டு, பிள்ளைகள் விடுதிக்கு அனுப்புவோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, சாக்கோடு தெருத்தெருவாகப் போகும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. செல்போன் கோபுரம் எங்கள் ஊருக்கு வந்த காலம் அது.

ரேஷன் அரிசியும் பொன்னியும் அந்தச் சாக்கில் ஒன்றாய்க் கலந்துவிடும். “கர்த்தருக்கு ரேஷன், மருமகனுக்குப் பொன்னியாக்கும்” என்று ஒருத்தி அடுத்த வீட்டுக்காரியைச் சீண்டுவாள். “ஒன் டப்பாவுல பாதி கல்லுதானடி” என்று பதில் வரும்.

கடைசித் தெருவில் கணவனை இழந்த ஓர் அக்கா மகளோடு இருந்தார். அவர் களையெடுக்கக் காட்டு வேலைக்குப் போவார். மகள் பட்டாசுக் கம்பெனி வேனில் போவாள். தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு பிற்பகலில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் இடி என்று நினைப்பதில்லை. வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அப்போது அக்கா ராத்திரிச் சோற்றுக்கு ஆளுக்கு ஒன்றாக இரண்டு உழக்கு அரிசி களைந்து வைத்திருந்தார். மகளை மூடிய பெட்டியிலேயே அடக்கம் செய்தோம்.

அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டைப் பார்க்காததுபோல் நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், நம்ம வீட்ட விட்டுட்டுப் போறீகளே.”

டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதற்கடுத்த வாரமும், அதற்குப் பிறகும் அப்படித்தான். காட்டு வேலையும் கிடைக்காத கோடையில், இப்படிக் கொடுத்தால் அவர் வயிறு காயும், நிறுத்தச் சொல்லுங்கள் என்று பெண்கள் சங்கத் தலைவி என்னிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. போய்ச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நா எங்க குடுக்கேன், டீச்சர். கை ரெண்டு உழக்கு அளந்துருது. அளந்தத மறுபடி பானையில போட மனசு வரல. உலையில போட்டா யாரு திங்க?”

டப்பாவை வாங்கிச் சாக்கில் கொட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தின் முன் இருக்கும் சாக்கைப் பார்ப்பேன். அதற்குள் எந்த அரிசிமணி அந்த மகளுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. அவளுடைய பங்குச் சோறு எங்கோ ஒரு தட்டில் விழுந்துகொண்டே இருக்கிறது என்ற எண்ணம், ஜெபத்தில் கண்களை மூடும்போதெல்லாம் என்னை வந்து தொட்டது.

ஒரு சனிக்கிழமை அக்கா டப்பாவை நீட்டாமல் மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். பாதிகூட இல்லை. அந்த வாரத்தின் கைப்பிடிகள் மட்டும் கிடந்தன.

“நீங்க வந்துட்டுப் போன சனிக்கெழம ராத்திரி ஒரு உழக்குத்தான் அளந்திருக்கேன், டீச்சர். சோத்த எறக்குன பெறவுதான் தெரிஞ்சுது. மறுநாளும் கை அம்புட்டுத்தான் அளந்துச்சு.” டப்பாவின் விளிம்பை விரலால் தடவினார். “கையும் அவள விட்டுருச்சு.”

அடக்கத்தன்றுகூட அவர் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. மகளை அவர் பறிகொடுத்தது அந்தச் சனிக்கிழமை இரவுதான் என்று தோன்றியது. இனி இந்த வாசலில் டப்பா இருக்காது என்றே எண்ணினேன்.

அவர் என் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுல அவ அரிசி கொஞ்சமாச்சும் கெடக்குமா?”

ஆம் என்று சொல்லிவிட நா எழுந்தது. ஆனால் போன வாரத்து அரிசி போய்ச் சேர்ந்துவிட்டது அவருக்கும் தெரியும்.

“இல்லக்கா. அத விடுதிப் பிள்ளைக சாப்பிட்டாச்சு.”

“சாப்பிட்டுச்சுகளா” என்றார். கேள்வியாக அல்ல. பிறகு சாக்கின் வாயை விரித்துப் பிடித்து, டப்பாவில் இருந்ததைத் தானே கொட்டினார். அடியில் ஒட்டியிருந்த மணிகளையும் விரலால் தட்டிவிட்டு, வெற்று டப்பாவை அடுப்பருகே அதன் பழைய இடத்தில் வைத்தார்.