ஆற்றுத் தண்ணீரும் ஹோட்டல் சிங்கும்

வால்தம்ஸ்டோவில் குடியிருக்கும் சோதிலிங்கம் பதினொரு வருடமாக லண்டன் ஹோட்டலொன்றில் பரிமாறுகிறார். விருந்தில் மிஞ்சியதைக் கொட்ட விடமாட்டார். அகதியாக அலைந்தவருக்குச் சோறு சோறுதான்.

2006இல் அங்கே ஒரு தங்கச் சுரங்கக் கம்பனியின் பங்குதாரர் கூட்டம் நடந்தது. மழைக்காட்டிலிருந்து வந்திருந்த பழங்குடிப் பெண்ணொருத்தி, தன் ஊர் ஆற்றுத் தண்ணீரைக் கிளாசில் ஊற்றிக் கம்பனித் தலைவர் முன்னால் வைத்தாள்.

"சுரங்கம் வந்தபிறகு எங்கள் பிள்ளைகள் குடிப்பது இதைத்தான். நீங்களும் குடியுங்கள்."

"இதில் ஒரு கெடுதியும் இல்லை என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்," என்று தலைவர் சிரித்தார். மண்டபம் கைதட்டியது. கிளாசை அவர் தொடவேயில்லை.

அதை எடுக்கப் போன சோதிலிங்கத்தை மேற்பார்வையாளன் சுஜீத் ஓடிவந்து மறித்தான்.

"அண்ணை, வெறுங்கையாலை தொடாதேங்கோ, கிளவுஸ் போடுங்கோ. சிங்கிலையும் ஊத்த வேண்டாமாம். கம்பனிக்காரர் சொல்லினம்."

பிள்ளைகளின் வயிறு தாங்குமாம், ஹோட்டல் சிங்க் தாங்காதாம். தூ! சோதிலிங்கம் கிளவுஸை மாட்டிக்கொண்டு கிளாசை எடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் சுஜீத் கூப்பிட்டான். "மீன் நிறைய மிஞ்சிக் கிடக்கு. வாங்கோ, சாப்பிடுவம்."

"எனக்கு வேண்டாம். செத்த வீட்டிலை எண்டாலும் கை நனைப்பன். கொலைகாரன்ரை வீட்டிலை ஏலாது."