இந்தி தெரிந்த பிள்ளை

தென்காசியில் எந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாலும், நர்ஸ் வெளியே வந்து "இங்கன இந்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டால் நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொள்வேன். செங்கல் சூளைக்கும் ஓட்டலுக்கும் வடக்கேயிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் படுகிற பாட்டை டாக்டருக்கு எடுத்துச் சொல்ல இன்றுவரை ஒரு ஆள் கிடையாது. எனக்கு இந்தி நன்றாகவே தெரியும். ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஒன்பது வயதுவரை நான் ஜபல்பூரில் வளர்ந்தேன். அவர் ஓய்வு பெற்று இலஞ்சிக்குத் திரும்பியபோது பெட்டி படுக்கையோடு என் இந்தியும் கூடவே வந்து இறங்கியது. அதை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் "ஏட்டி, இந்தியில என்னமும் பேசு பாப்போம்" என்பார்கள். நான் காய்கறிப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஏதோ பெரிய சொற்பொழிவு என்று கை தட்டுவார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆலங்குளம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலையில் மாமா பைக்கில் வந்து நின்றார். சூளையில் வேலை பார்க்கிற வடநாட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையாம். ஏழு மாசமாம். என்ன செய்கிறது என்று கேட்டால் அழுதுகொண்டே ஏதேதோ சொல்கிறாளாம். சூளையில் நெருப்புப் போட்டிருப்பதால் புருஷனை அனுப்ப முடியவில்லை. அனுப்பினாலும் அவனுக்கும் தமிழ் தெரியாது.

"மருமவள அனுப்புக்கா. ரெண்டு வார்த்த பேசிட்டான்னா சோலி முடிஞ்சுது. வாரப்ப ஐந்தருவியில குளிக்க வச்சுக் கூட்டியாரேன்."

ரம்புத்தான் பழமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த சமயம் அது. அம்மா சம்மதிப்பதற்குள் நான் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மாமா கூட்டிப்போனது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சூளையிலிருந்து முன்பே கொண்டுவந்து விட்டிருந்த அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. நான் இந்தியில் அக்கா என்று கூப்பிட்டதும் அந்த முகம் தெளிந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள். முந்தாநாளிலிருந்து ரத்தம் போகிறது. துணி மாற்றி மாற்றி முடியவில்லை. நேற்றிலிருந்து பிள்ளையின் அசைவும் தெரியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எல்லாம் விளங்கியது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் வயதானவர், தன்மையாகத்தான் பேசினார். மாமா கதவுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுதாம்?"

ஊருக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. மாதத்தில் மூன்று நாள் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஆண்கள் யார் கேட்டாலும் தலைவலி என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை மாமா கேட்டபோது நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஆம்பளைய முன்னால பேசுத பேச்சாட்டி இது?" என்று அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "வயித்த வலிக்காம்" என்றேன்.

"ரத்தம் கித்தம் பட்டுச்சான்னு கேளும்மா."

நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே. இல்லை என்று தலையாட்டினேன். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன கேட்டார்கள் என்றே தெரியாத அவள், நான் ஆட்டியதைப் பார்த்து, என்னை நம்பி, தானும் அதேபோல் தலையாட்டினாள்.

சேலைக்கு மேலாகவே வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ஊசி போட்டு, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். கல் சுமக்க வேண்டாம், படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார். அதை மட்டும் பிசகில்லாமல் அவளுக்குச் சொன்னேன். அவள் என் தலையில் கை வைத்து, நன்றாக இரு என்றாள்.

அன்று மத்தியானம் ஐந்தருவியில் பல் கிட்டிக்கும்வரை குளித்தேன். ஒரு பை ரம்புத்தானை நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா வந்து வாசலிலேயே நின்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்களாம்.

"நாலு நாளா ரத்தம் போயிருக்குக்கா. வண்டியெல்லாம் ரத்தம். சாக்குப் போட்டுத்தான் கழுவுனோம்."

ரத்தம் என்ற அந்த வார்த்தையை மாமா அம்மாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அவரைக் கிள்ளவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாவி மவ, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடுவாள், கேட்பாள், கிள்ளுவாள் என்று தொடையைப் பொத்திக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை. அப்படியென்றால் நான் சொல்லாமல் விட்டதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.