ஆரோக்கியம் சாரும் நாற்பத்திரண்டு பல் கேசட்டும்

ஆரோக்கியம் சார் இறந்துவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

சாந்தோம் பக்கம் ஒரு ஸ்கூலில் என்னோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். கணக்கு வாத்தியார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குரூப்பில் எல்லோருக்கும் மூத்தவர்.

வாட்ஸ்அப்பில் காலையிலிருந்து ஒரே கும்பிடு எமோஜி. "லெஜண்ட்" என்று ஒருத்தன் போட்டிருக்கிறான். லெஜண்டாம்!

போன வருஷம் சாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மேட்டில் மூச்சு முட்ட மிதிக்கக்கூடாது என்றார் டாக்டர். குரூப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாதப்பா. அப்புறம் என்னைக் கழட்டி விட்டுடுவானுங்க."

மேட்டில் மூச்சு முட்டாமல் இருக்கத்தான் தன் கிராவல் சைக்கிளின் பின் சக்கரத்தில் பெரிய கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, மாட்டினார். பழையதில் பெரிய பல்சக்கரத்துக்கு முப்பத்திநான்கு பல். இதில் நாற்பத்திரண்டு. பல் கூடக் கூட மேட்டில் மிதிப்பது லேசு.

"பழைய செயின் பத்தாது சார், நீளமா வேற போடணும். அப்பால பாரு... பேசிக்கினே மலை ஏறலாம்" என்றார் மந்தைவெளி மெக்கானிக்.

மறுநாளே நாங்கள் இருவரும் பரங்கிமலை. காலைக் கீழே ஊன்றாமல் மேலே சர்ச் வாசல் வரை போனார். வாக்கிங் வந்தவர்கள் எங்களை முந்திப் போனார்கள், சாருக்கு அதுவே சந்தோஷம்.

சைக்கிளை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். போதாதா?

"சார், அது கேசட்டா, இட்லித் தட்டா?"

ஃபிளைஓவரைத் தவிர வேறு மேடே பார்க்காத பயல்கள்! ஒரு வாரம் சாரைக் கிண்டலடித்து ஓட்டினார்கள். நானும் சிரிப்பு எமோஜி போட்டேன். எல்லாம் தெரிந்த நான்.

போன ஞாயிறு குரூப்போடு மறுபடி பரங்கிமலை. சார் பழைய கேசட்டோடு வந்து நின்றார்.

"பசங்க ரொம்பக் கலாய்க்கிறாங்கப்பா..."

ஏறாதீங்க சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என்னையும் கலாய்ப்பார்கள்.

பாதி மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நான் அப்போது மேலே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வாங்கக்கூடாதுன்னுதானே தம்பி அந்தப் பெரிசை மாட்டினாரு? அதை ஏன் கழட்டினாரு? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"தெரியலக்கா" என்றேன்.

போய் வாருங்கள் சார்.